முடியும் என்று சான்றளிக்கப்படுகிறது

தஞ்சாவூரிலிருந்து வல்லம் போகும் சாலையில் வீரசிம்மா எலக்ட்ரானிக்ஸ் என்றொரு கம்பெனி உண்டு. அங்கே வேலைக்குச் சேர வேண்டுமென்றால் படிப்பு வேண்டும், பரிந்துரை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நன்றாக ஊதத் தெரிந்திருக்க வேண்டும்.

நாற்பது வயதைத் தொட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி, அதற்குள் செருகும் கேசட், படம் வராவிட்டால் கேசட்டை உருவி அதன் அடியில் ‘ஃபூ’ என்று ஊதி மறுபடி செருகுவது என்று ஒரு தலைமுறையே வளர்ந்தது. அந்தப் பெட்டியைச் செய்து பட்டிதொட்டியெல்லாம் விற்றது வீரசிம்மாதான். ஊதினால் ஏன் படம் வந்தது என்று அந்தக் கம்பெனியின் எந்தப் பொறியாளராலும் இன்றுவரை சொல்ல முடியவில்லை. காரணம் தெரியாத காரியம் பலித்துவிட்டால் நம் ஊரில் அதற்குப் பூஜை போட்டுவிடுவார்கள். நிறுவனர் வைத்தியலிங்கமும் போட்டார்.

ஒவ்வொரு கூட்டமும் அப்படித்தான் தொடங்கும். சுவாமிமலையில் வார்ப்பித்து வாங்கிய ஒன்றரை அடி உயர வெண்கல ஜாய்ஸ்டிக்குக்கு மாலை சாத்துவார்கள். வெள்ளித் தட்டில் கம்பெனியின் முதல் கேசட் வரும். பதவி வரிசைப்படி ஒவ்வொருவரும் மூன்று முறை ஊத வேண்டும். வைத்தியலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து காற்றை இழுத்து ஊதுவார். கொள்முதல் மேலாளருக்கு மூச்சிரைப்பு உண்டு என்பதால் அவருடைய பதவி உயர்வு மூன்று ஆண்டுகளாகப் பரிசீலனையில் இருந்தது.

இத்தனை கூத்துக்கும் நடுவில் அங்கே உருப்படியான வழக்கம் ஒன்றும் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு கேசட்டில் ஏழாவது கட்டத்துக்கு மேல் போகவே முடியாமல் கோளாறு. பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து, “எம்புள்ள ராப்பகலா ஒக்காந்துருக்கான். முடியாத ஆட்டத்த விக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?” என்று வாசலில் நின்று கேட்டுவிட்டார். வைத்தியலிங்கத்துக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து, கம்பெனியில் ஒருவர் முழுக்க விளையாடி முடித்துக் கையெழுத்துப் போடாமல் எந்த ஆட்டமும் வெளியே போகக்கூடாது என்று சட்டம். “இந்த ஆட்டம் முடியும் என்று சான்றளிக்கப்படுகிறது” என்ற வரியும் முடித்தவரின் கையெழுத்தும் கேசட் வரும் அட்டைப்பெட்டியின் பின்பக்கம் அச்சாகும்.

கடந்த ஆறு வருஷமாக அந்தக் கையெழுத்து சுடர்விழியுடையது. முடிப்புப் பிரிவில் அவள் ஒருத்திதான். திருவாரூர்ப் பக்கம் கீழப்பனையூர்க்காரி. அவளுடைய தாத்தா அடுத்தவர் வயலுக்கு மடை திறந்துவிட்டே காலம் கழித்தவர், கைநாட்டு. அப்பா நல்லக்கண்ணு எட்டாவதுவரை படித்தவர், இரண்டு ஏக்கர் வாங்கிப் பத்திரத்தில் தானே கையெழுத்துப் போட்டவர். மகளின் கையெழுத்தோ கடைக்குக் கடை அட்டைப்பெட்டியில் அச்சாகி வந்தது. காலிப் பெட்டி ஒன்றை நல்லக்கண்ணு சாமிபடத்துக்குப் பக்கத்தில், பின்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்திருந்தார். வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர், அடுத்து அந்தப் பெட்டி.

நல்லக்கண்ணுவுக்கு ஊரில் இன்னொரு பெயரும் இருந்தது. முறை சொல்கிறவர். கீழப்பனையூர் வாய்க்காலில் தண்ணீர் வரத்து குறைச்சல். முதலில் நான்கு நாள் மேல்வயல்காரர்களுக்கு, அடுத்த இரண்டு நாள் மேல்மடைகளையெல்லாம் அடைத்துவிட்டுக் கடைமடைக்கு. யார் முறை எப்போது என்று சொல்ல, யார் பக்கமும் சாயாத ஒரு ஆள் வேண்டும். ஊரே கூடி நல்லக்கண்ணுவைத் தேர்ந்தெடுத்தது. முன்பெல்லாம் வாய்க்கால் கரையில் நின்று கூப்பிடுவார். இப்போது ஊர் வாட்ஸப் குழுவில் குரல் பதிவு போடுவார். “தண்ணி வந்துருச்சு. ஒங்க முறைதான். மடையத் தொறந்துக்குங்க சாமி.” அந்தக் குரல் வந்தால் சோற்றில் கைவைத்தவனும் எழுந்து மண்வெட்டியைத் தேடுவான். தாத்தா காலத்தில் தங்களுக்கென்று ஒரு முறையே இல்லாத குடும்பம், ஊருக்கே முறை சொல்கிறது என்பதில் சுடர்விழிக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இப்படி இருக்கையில் பெட்டி வாங்க ஆளில்லாமல் போயிற்று. எல்லோர் கையிலும் செல்போன். வீரசிம்மாவும் போனுக்கு ஆட்டம் செய்யப் போகிறது என்று முடிவாகி, வளர்ச்சிப் பிரிவுத் தலைவியாக வானதி என்பவரைச் சென்னையிலிருந்து கொண்டுவந்தார்கள். முதல் கூட்டமே சிக்கலில் மாட்டியது. போனில் எங்கே ஊதுவது? கேசட்டுக்கு வாய் உண்டு, போனுக்கு இல்லை. ஐந்து பேர் கொண்ட குழு பதினோரு நாள் ஆராய்ந்து, சார்ஜ் போடும் ஓட்டையில் ஊதலாம் என்று அறிக்கை கொடுத்தது. ஸ்பீக்கர் ஓட்டையில்தான் ஊத வேண்டும் என்று உறுப்பினர் ஒருவர் மாற்றுக்கருத்து பதிவு செய்திருந்தார்.

ஊதி முடித்த பிறகு வைத்தியலிங்கம் பேசினார். “முப்பது வருசமா நாம ஒரு தப்பு பண்ணிட்டோம். ஆட்டத்த வித்தோம். வாங்குனவன் வெளையாடி முடிச்சிட்டு, பெட்டிய அணைச்சிட்டு, சாப்புடப் போயிட்டான். அதோட நமக்கும் அவனுக்கும் ஒறவு அத்துப்போச்சு. இது குடும்ப கம்பெனி. ஒறவு அத்துப்போகலாமா? இனிமே ஆட்டம் இலவசம். காத்திருக்கறதத்தான் விக்கப்போறோம்.”

வானதி எழுந்து படம் போட்டுக் காட்டினார். “சார் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. காத்திருக்க வெக்கணும், காத்திருக்க முடியாதவங்ககிட்ட விக்கணும். இதுக்கு உலகத்துலயே பெஸ்ட் மார்க்கெட் எது தெரியுமா? டெல்டா. வருசா வருசம் ஆத்துல தண்ணி வருமா, வருமான்னு இவங்க காத்திருக்காங்க. யாரும் சொல்லிக் கொடுக்கவே வேணாம். ரெடியா இருக்காங்க.”

எல்லோரும் கைதட்டினார்கள். சுடர்விழியும் தட்டினாள். யோசித்துவிட்டுத் தட்டலாம் என்று நினைப்பதற்குள் கை தட்டிவிட்டது.

ஆட்டத்துக்குப் ‘பொன்வயல்’ என்று பெயர். விளையாடுகிறவருக்கு ஒரு வயல் கிடைக்கும். உழலாம், நாற்று விடலாம், நடலாம். அதன்பிறகு தண்ணீர் முறைக்குக் காத்திருக்க வேண்டும். முறை வந்தால் மணி அடிக்கும். பத்து நிமிஷத்துக்குள் போய்த் திரையில் மடையைத் திறக்காவிட்டால் பயிர் வாடும். வாடாமலிருக்கக் காசு கொடுத்து வருணன் என்ற தண்ணீர்ப் புட்டி வாங்கலாம், அல்லது பல்பொடி விளம்பரம் பார்க்கலாம். சுடர்விழி நாற்பத்தோரு நாள் விளையாடினாள். கதிர் முற்றும் நேரத்துக்கு மழை வந்தது. மழை விட்டால் புகையான் வந்தது. பூச்சியை விரட்டினால், “வாழ்த்துகள்! உங்களுக்கு இரண்டாவது வயல்!” என்று வந்தது. அவள் வானதியிடம் போனாள்.

“மேடம், அறுவடை வரவே மாட்டேங்குது.”

“வராது சுடர்.”

“எப்பதான் வரும்?”

“வந்துட்டா ஆள் போயிடுவாங்களேம்மா.”

“அப்ப முடியும்னு நான் எப்படி கையெழுத்து போடுறது?”

வானதி படிவத்தை நீட்டினார். பழைய படிவத்தில் ‘முடியும்’, ‘முடியாது’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். புதியதில் ‘முடியும்’, ‘மிக நன்றாக முடியும்’ என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. “கையெழுத்து இல்லாம வெளியிட முடியாது. அது சார் போட்ட சட்டம். கம்பெனியோட மரபை நீங்களே மீறலாமா?” என்று வானதி மிக மரியாதையாகக் கேட்டார்.

சுடர்விழி ‘முடியும்’ கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். ‘மிக நன்றாக’வைத் தொடவில்லை என்று அன்று கொஞ்சம் நிம்மதிகூடப் பட்டாள். அந்த நிம்மதியை நினைக்க நினைக்கப் பிறகு அவளுக்கு உடம்பு கூசியது.

வெளியீட்டு விழா திருக்கடையூரில். வைத்தியலிங்கத்துக்கு அறுபது நிறைந்த நாள். அவரும் அவர் மனைவியும் மாலை மாற்றி மறுதாலி கட்டிய கையோடு, அதே மண்டபத்தில், அதே மணவறையில், பழைய பெட்டிக்கும் புது போனுக்கும் கல்யாணம் நடந்தது. பெட்டி மாப்பிள்ளை, போன் பெண். ஐயர் பெண்ணின் கோத்திரம் கேட்டார். வளர்ச்சிப் பிரிவு கூடிப் பேசி ‘ஆண்ட்ராய்டு’ என்றது. அவர் ஒரு நிமிஷம் வானத்தைப் பார்த்துவிட்டு, அதையே சொல்லி மந்திரத்தை முடித்தார். சார்ஜர் வயரை மூன்று முடிச்சுப் போட்டார்கள். அட்சதை விழுந்ததில் மாப்பிள்ளையின் கேசட் வாய் அடைத்துக்கொண்டது. ஊதி எடுத்தார்கள்.

ஆட்டத்தைத் திறந்ததும் முதலில் வருவது சான்றிதழ்தான். ‘இந்த ஆட்டம் முடியும் என்று சான்றளிக்கப்படுகிறது. முடித்தவர்: ந. சுடர்விழி.’ நல்லக்கண்ணு அன்றைக்கே போனில் இறக்கிக்கொண்டார். அவருக்காக ஊரில் முக்கால்வாசிப் பேர் இறக்கிக்கொண்டார்கள். “நம்ம சுடரு முடிச்சிருக்கு, நாம முடிக்க மாட்டமா?” என்பதுதான் டீக்கடைப் பேச்சு. பழைய கேசட்டுகளில் ஆட்டம் முடிந்ததும் செய்தவர்கள் பெயரெல்லாம் வரிசையாக மேலே ஏறிப் போகும். கடைசியில் மகள் பெயர் வரும், அதைப் பார்த்துவிட வேண்டும் என்று நல்லக்கண்ணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா ரெங்கம்மாள் போனில் சொல்வாள். “ஒங்கப்பாவுக்கு இப்ப நாலாவது வயலாம். இன்னும் கொஞ்சந்தானாம்.” சுடர்விழி “ம்” என்று சொல்லிவிட்டு, “மழை பெஞ்சுதாம்மா?” என்று கேட்பாள்.

ஒரு மாதத்தில் வானதி கூட்டம் போட்டார். மணி அடித்தால் பாதிப் பேர்தான் வருகிறார்களாம். “மணின்னா அலட்சியம் சார். கோயில் மணி, ஐஸ் வண்டி மணி, எல்லாத்தையும் கேட்டு மரத்துப்போயிடுச்சு. கேட்டவுடனே எழுந்திரிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்.” அந்த நேரம் பார்த்து மேஜைமேல் இருந்த சுடர்விழியின் போனில் ஊர்க்குழுவின் குரல் பதிவு வந்தது. கை தவறிப் பட்டுவிட, அறை முழுக்கக் கேட்டது. “தண்ணி வந்துருச்சு. ஒங்க முறைதான். மடையத் தொறந்துக்குங்க சாமி.”

கொள்முதல் மேலாளர் பாதி எழுந்தே விட்டார்.

“யார் இது?” என்றார் வானதி. “இந்தக் குரல் கூப்பிட்டா நானே ஓடிடுவேன்.”

“எங்கப்பா” என்றாள் சுடர்விழி. அப்படிச் சொன்னபோது அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது தெரிந்த பழமொழிதான். கத்தும்போது எந்த நுணலுக்கும் அது ஞாபகம் வருவதில்லை.

ஆட்டத்தின் மணிக்குப் பதில் அந்தக் குரலையே வைப்பதென்று முடிவானது. சம்மதப் படிவத்தில் குரலுக்குரியவர் வர இயலாவிட்டால் மகனோ மகளோ கையெழுத்திட்டால் போதும் என்றிருந்தது. கையெழுத்துப் போடுவதே அவள் வேலை. போட்டாள். ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த வாரம் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை, மணி அடிப்பதற்குப் பதிலாக நல்லக்கண்ணுவின் குரல் எல்லாப் போனுக்கும் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்குக் கீழப்பனையூரில் கடைமடை முறையின் முதல் நாள். வாய்க்காலின் கடைசி வயல் காத்தாயியுடையது. ஒன்றரை ஏக்கர் குத்தகை. புருஷன் இல்லை, ஒற்றை ஆளாக நாற்று விட்டிருந்தாள். கடைமடைப் பக்கம் வாய்க்காலில் பத்து நாளாகத் தண்ணீர் இல்லை. பாளம் வெடிக்கத் தொடங்கியிருந்த நாற்றங்காலுக்குப் பக்கத்தில் அவளும் நல்லக்கண்ணுவும் நின்று தண்ணீர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்கு வந்திருக்க வேண்டும். எட்டாகியும் வரவில்லை.

“வந்துரும் காத்தாயி. மேல எல்லா மடையும் அடைச்சாச்சு. நானே நேத்து பாத்தேன்” என்றார் நல்லக்கண்ணு.

அப்போது அவர் சட்டைப்பையிலிருந்து அவருடைய குரலே கூப்பிட்டது. “தண்ணி வந்துருச்சு. ஒங்க முறைதான். மடையத் தொறந்துக்குங்க சாமி.”

காத்தாயி காய்ந்த வாய்க்காலைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையைப் பார்த்தாள். “எங்கண்ணே வந்துருச்சு?” என்று கேட்டாள்.

அதே குரல் காலை ஆறு மணிக்கே மேல்வயல்காரர்களின் போன்களில் கூப்பிட்டிருந்தது. முறை மாறிவிட்டது போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். நல்லக்கண்ணு சொல்லி எவரும் மறுகேள்வி கேட்டதில்லை. இருபத்து மூன்று மடைகள் திறந்துவிட்டன. அவர் ஓடிப்போய் ஒவ்வொன்றாக அடைக்க அடைக்க, போன் மறுபடி கூப்பிட்டு, மறுபடி திறந்தார்கள். ஒருவர் அடைக்கும் கையும் அவர் குரலும் வேறுவேறு சொன்னால் ஊர் எதைக் கேட்கும்? குரலைத்தான் கேட்டது. இரண்டு நாள் முடிந்து வாய்க்கால் தலைப்பில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். காத்தாயியின் நாற்று சருகாகிப்போனது.

ஊர் கூடியது. “குரல் என்னுதுதான். நான் பேசல” என்றார் நல்லக்கண்ணு. “ஒங்க குரலு, நீங்க பேசலன்னா வேற யாருங்க பேசுனது?” என்று கேட்டார்கள். யாரும் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இனி குழுவில் குரல் போட வேண்டாம், நேரில் வந்து சொன்னால் போதும் என்று முடிவானது. சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு கலைந்தார்கள்.

ரெங்கம்மாள் போன் பண்ணிய அன்று மாலையே சுடர்விழி பஸ் ஏறினாள். நீடாமங்கலம் வரை என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தாள். வாசலில் காலை வைத்ததும் எல்லாம் மறந்துவிட்டது. “நான்தாம்ப்பா குடுத்தேன். ஒங்கள கேக்காம குடுத்துட்டேன்” என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நல்லக்கண்ணு அவளைத் திட்டியிருக்கலாம். அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். “ஒங்க ஆபீஸுக்கு நான் ஒருக்கா வரணும்” என்று மட்டும் சொன்னார்.

அவர் வருவதற்குள் செய்தி தஞ்சாவூர் போய்விட்டது. வீரசிம்மாவில் கொண்டாட்டம். பொன்வயல் கூப்பிட்டு ஒரு ஊரே நிஜ வயலுக்கு ஓடியது என்று வானதி நான்கு பக்க அறிக்கை எழுதியிருந்தார். தலைப்பு: ‘ஈடுபாட்டின் எல்லை எது?’ வரப்போகும் நல்லக்கண்ணுவுக்குப் பாராட்டு விழா ஏற்பாடானது. அவர் வெள்ளை வேட்டி, துவைத்த சட்டையோடு உள்ளே நுழைந்தபோது வாசலில் பன்னீர் தெளித்தார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் இந்த வரவேற்பு என்று நினைத்து அவர், “பரவால்லீங்க, பரவால்லீங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வரிசையில் நின்றிருந்த சுடர்விழி தரையைப் பார்த்தாள்.

எல்லோரும் ஊதி முடித்தார்கள். விருந்தினர் என்பதால் நல்லக்கண்ணுவுக்கும் தட்டு வந்தது. என்னவென்று புரியாமல் அதிலிருந்த கேசட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வைத்தியலிங்கம் சால்வை போர்த்திவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“முப்பது வருசம் பெட்டி செஞ்சேன். நான் சொன்னேன்னு ஒருத்தன் எந்திரிச்சு ஓடுனதில்ல. எம் பொண்டாட்டி, புள்ளைங்ககூட ஓடுனதில்ல. இன்னைக்கு இந்தப் பெரியவர் கொரலுக்கு இருபத்து மூணு மடை தொறந்துருக்கு! பொய்யான தண்ணிக்கு நெசமான மடை! எந்த வெளிநாட்டு கம்பெனியாவது இத செஞ்சிருக்கா? ஒரு அம்மாவோட நாத்து காஞ்சிடுச்சுன்னு சொன்னாங்க. கேட்டதும் எனக்கு ராத்திரி தூக்கமில்ல. ஒடனே உத்தரவு போட்டேன். அந்த அம்மாவுக்குப் பொன்வயல்ல ஒரு வருசத்துக்கு நாத்து இலவசம்!”

கைதட்டல் அடங்க நேரமானது. காத்தாயியிடம் இருப்பது பட்டன் போன்.

அடுத்து வானதி, புதிதாகப் பேச வேண்டிய வரிகளை நல்லக்கண்ணுவிடம் கொடுத்தார். ‘ஐயோ, பயிர் வாடுதே!’ என்பது முதல் வரி. ‘புட்டி வாங்கலையா சாமி?’ என்பது இரண்டாவது. நல்லக்கண்ணு கண்ணாடியை மாட்டி இரண்டையும் படித்தார். சால்வையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார்.

“எங்கொரல எடுத்துருங்கம்மா. அத சொல்லத்தான் வந்தேன்.”

“முடியாதுங்க ஐயா. முறைப்படி சம்மதம் வாங்கியிருக்கோம். உங்க பொண்ணே கையெழுத்து போட்டிருக்காங்க.”

“ஆமா, அது போட்டுருக்கு” என்றார் நல்லக்கண்ணு. மகளை விட்டுக்கொடுக்க அவருக்கு அப்போதும் மனம் வரவில்லை. பிறகு கேட்டார். “அதே பொண்ணு இன்னொரு கையெழுத்தும் போட்டுருக்கு. இந்த ஆட்டம் முடியும்னு. நானும் ஏழு வயலு பாத்துட்டேன். கடைசில அது பேரு வருமேன்னு பாக்குறேன். முடியுங்களா?”

வைத்தியலிங்கம் வானதியைப் பார்த்தார். வானதி முடிப்புப் பிரிவைப் பார்த்தார். முடிப்புப் பிரிவு கடைசி வரிசையில் சுவரோடு சுவராக நின்றது. எல்லோரும் திரும்பினார்கள்.

நல்லதாகச் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தவளுக்கு அதில் பாதியாவது தெரியும்.

“முடியாதுப்பா” என்றாள்.

“ஒரு நாளும் முடியாதா?”

“ஒரு நாளும் முடியாது.”

“அப்பறம் எதுக்கும்மா போட்ட?”

‘முடியாது’ என்ற கட்டம் இல்லாததால் போட்டேன் என்று சொல்ல முடியுமா? எல்லோரும் கைதட்டினார்களே என்று சொல்ல முடியுமா? அத்தனை பேர் முன்னால் அப்பா பதிலுக்காகக் காத்திருந்தார். டெல்டாக்காரருக்குக் காத்திருக்கத் தெரியும் என்று வானதி சொன்னது உண்மைதான். அந்த ஒரு நிமிஷம் போல அவள் வாழ்க்கையில் எதுவும் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

வைத்தியலிங்கம்தான் நிலைமையைக் காப்பாற்றினார். “ஊழியர் சுடர்விழியின் நேர்மையான கருத்து நிகழ்ச்சிக் குறிப்பில் பதிவு செய்யப்படுகிறது” என்றார். அதற்கும் கைதட்டினார்கள். மாலைக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது. முடிப்புப் பிரிவின் பெயர் தொடக்கப் பிரிவு என்று மாற்றப்படுகிறது. இனி சான்றிதழில், ‘இந்த ஆட்டம் தொடங்கும் என்று சான்றளிக்கப்படுகிறது’ என்று இருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி போட்டு, படிவத்தை அவள் மேஜையில் வைத்திருந்தார்கள். சுடர்விழி பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, படிவத்தை அப்படியே விட்டுவிட்டு அப்பாவோடு பஸ் ஏறினாள். அம்மாப்பேட்டை தாண்டும்போது பின்சீட்டில் யாருடைய போனிலோ நல்லக்கண்ணு கூப்பிட்டார். நல்லக்கண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த கடைமடை முறை எட்டு நாள் கழித்து வந்தது. விடிந்ததும் நல்லக்கண்ணு டிவிஎஸ் வண்டியை எடுத்தார். சுடர்விழி கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தாள். முதலில் மேல்வயல்காரர்கள் வீடுகள். கடைமடை முறை, மடையை அடைத்து வையுங்கள் என்று வீட்டுக்கு வீடு இறங்கிச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். சிலர் வாசல்வரை வந்து, வாய்க்கால் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். முன்பு அப்படிப் பார்க்க மாட்டார்கள். நல்லக்கண்ணு அதைக் கவனிக்காதது போல வண்டியைக் கிளப்பினார்.

கடைசியில் காத்தாயி வயல். பக்கத்து ஊரில் இரவல் நாற்று வாங்கி, பாதி வயலுக்காவது ஆகட்டும் என்று வரப்பில் முடிமுடியாக அடுக்கி வைத்திருந்தாள். வண்டி நின்றது. நல்லக்கண்ணு இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி, “நீ போய்ச் சொல்லு” என்றார்.

சுடர்விழி வரப்பில் நடந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஆறு வருஷம் லட்சம் பேருக்கு முடியும் என்று எழுதிக்கொடுத்தவளுக்கு, ஒரு ஆளிடம் ஒரு வரி சொல்ல வாய் வரவில்லை.

“அத்தை, தண்ணி வந்துருச்சு. ஒங்க முறைதான்.”

காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமில்லை, வருத்தமும் இல்லை. சந்தையில் எடைக்கல்லைத் திருப்பிப் பார்ப்பவர்கள் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“நெசமாவா?”

“நெசந்தான் அத்தை. பாத்துட்டுதான் வர்றோம்.”

“சரி. நீ இங்கயே நில்லு, நாத்த மாடு மேஞ்சிடப் போவுது. நான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்” என்று சொல்லி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தாள்.

அவள் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்வரை சுடர்விழி நாற்றுக்குக் காவலாக அங்கேயே நின்றாள்.